பழைய அணையை நிலநடுக்கத்துக்கு எதிராக வலுப்படுத்துவது: கீழ்ப்பக்கம் கான்கிரீட் சேர்த்தால் போதுமா?

பில்லர்பாக்ஸ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை காலம் கட்டிடப் பிரிவில் இருந்தவன், இப்போதுதான் அணைப் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பொறுப்பில் இருக்கும் அணை 1950களில் கட்டியது. நடுவில் கல் கட்டுமானம், ஆழமான இடத்தில் சுமார் 30 மீட்டர் உயரம், உபரிநீர்ப் போக்கியும் ரேடியல் கேட்டுகளும் (வளைந்த மதகுக் கதவுகள்) அதிலேதான். இரண்டு பக்கமும் மண் கரை, இடது கரை மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். கட்டிய காலத்தில் நில அதிர்வுக்கென்று தனியாகக் கணக்குப் போட்டதாகக் கோப்பில் எதுவுமே இல்லை. ஒரு வரைபடத்தின் ஓரத்தில் 0.05 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது (அணை எடையில் நூறில் ஐந்து பங்கு பக்கவாட்டு விசை என்று அர்த்தம்), அவ்வளவுதான். இப்போது புதிதாக மதிப்பிட்டதில் அந்த இடத்துக்கான அதிர்வு அளவு அதைப்போலச் சில மடங்கு வந்திருக்கிறது.

பேச்சில் இருக்கும் யோசனை, கல் அணையின் கீழ்ப்பக்கம் (நீர் நிற்காத வெளிமுகம்) முழுக்கக் கான்கிரீட் சேர்த்துத் தடிமனாக்குவது, கூடவே மேலிருந்து துளை போட்டு, அணையைப் பாறையோடு இழுத்துப் பிணைக்கும் கேபிள் ஆங்கர் இறக்குவது. கட்டிடத்தில் தூணுக்கு ஜாக்கெட் (சுற்றிலும் கான்கிரீட் உறை) போட்டுப் பழக்கம் உண்டு, அதே சங்கதிதானே என்று முதலில் தோன்றியது. ஆனால் நீரைத் தாங்கிக்கொண்டே நிற்கிற ஒன்றுக்கு ஜாக்கெட் போட்டால் பழையதும் புதியதும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்று யோசிக்க ஆரம்பித்ததில் தூக்கம் போய்விட்டது. இந்த வேலையில் இருந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்? கான்கிரீட்டா, ஆங்கரா, அல்லது அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு இருக்கிறதா?

பழைய ஓவர்சியர்:

தம்பி, கேள்வியில் சின்னப்பிள்ளைத்தனம் ஒன்றும் இல்லை. கான்கிரீட் எத்தனை கனமீட்டர் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அணைக்குள் ஓடும் வடிகால் சுரங்கப் பாதையான டிரெய்னேஜ் கேலரிக்குள் இறங்குங்கள். கேலரி இருக்கிறது அல்லவா? அதில் அடித்தளப் பாறைக்குள் போகும் வடிகால் துளைகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐம்பது அறுபது வருட அணைகளில் சுண்ணாம்புச் சத்து கரைந்து வந்து துளை வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொண்டிருக்கும். நீர் சொட்டவில்லை, கேலரி காய்ந்து கிடக்கிறது, அணை பிரமாதம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். உண்மையில் அந்த நீர் வெளியே வர வழியில்லாமல் அணைக்கு அடியில் நின்று அதை மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது.

உங்கள் அளவையே எடுத்து ஒரு கணக்குப் போடுவோம். 30 மீட்டர் உயரம், அடி அகலம் 24 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கோண வெட்டு, கல் கட்டுமான அடர்த்தி 2.3. ஒரு மீட்டர் நீளத்துக்கு எடை சுமார் 828 டன். வடிகால் எதுவும் வேலை செய்யவில்லை, கீழே நீர்மட்டமும் இல்லை என்றால் அடியிலிருந்து தூக்கும் விசை 360 டன். ஆக, கணக்கில் மிஞ்சும் எடை 468 டன்தான். இப்போது துளைகள் ஒழுங்காக வேலை செய்து, நீர்ப் பக்க முகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் வடிகால் வரிசையில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காக இறங்குகிறது என்று வையுங்கள். தூக்கும் விசை 165 டன்னாகிவிடும். அதாவது 195 டன் குறைந்துவிட்டது. அதே 195 டன்னைக் கான்கிரீட்டால் சேர்க்க வேண்டுமானால் மீட்டருக்கு 80 கனமீட்டர் ஊற்ற வேண்டும்.

அதிர்வு வரும்போது என்ன ஆகிறது பாருங்கள். நீரின் சாதாரணத் தள்ளுவிசை 450 டன். 0.1 ஜி (எடையில் பத்தில் ஒரு பங்கு) என்று சின்னதாக வைத்தாலே அணையின் சொந்த எடையால் இன்னொரு 83 டன், அதோடு அதிரும்போது நீர் கூடுதலாகக் கொடுக்கும் அழுத்தம், 1933இல் வெஸ்டர்கார்ட் கொடுத்த சூத்திரப்படி ஏறக்குறைய 52 டன். மொத்தம் 585. வடிகால் செத்த அணையில் கீழ்நோக்கிய விசை 468, பக்கவாட்டு விசை 585. வடிகால் உயிரோடு இருந்தால் 663க்கு 585. பாறையோடு இருக்கும் ஒட்டுதல் எவ்வளவு என்ற பேச்சுக்குப் போவதற்கு முன்னாலேயே இரண்டும் வேறு வேறு அணை.

துளைகளைச் சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. பழைய சுண்ணாம்புக் காரையில் கட்டிய இடம் என்றால் அதிக அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சி அடைப்பு எடுக்கிறேன் என்று காரையையே அரித்து எடுத்துவிடாதீர்கள். துரப்பணக் கம்பியால் மெதுவாகத் திருகி எடுப்பது அல்லது பக்கத்திலேயே புதுத் துளை போடுவது நல்லது. சுத்தம் செய்த மறுநாள் கசிவை அளக்கும் வி-நாட்ச்சில் கசிவு அதிகமாகக் காட்டும். யாராவது பதறுவார்கள். தெளிந்த நீராக வந்தால் அது நல்ல செய்தி, கலங்கலாக வந்தால் மட்டும் பதறலாம்.

களிமண்:

ஓவர்சியர் சார் சொன்னதில் மறுப்பு இல்லை, கணக்கும் அருமை. ஆனால் கேள்வி கேட்டவர் கொடுத்த விவரத்தை இன்னொரு தடவை படியுங்கள். கல் அணையின் நீளத்தைச் சொல்லவே இல்லை, இடது மண் கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்கிறார். வலுப்படுத்தும் யோசனை மொத்தமும் கல் அணைக்கு. எனக்கு இதில் பயமே அந்த மண் கரைதான். நிலநடுக்கத்தில் அணைகளின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் கான்கிரீட்டும் கல்லும் விரிசல் விட்டு நின்றவை நிறைய, மண் கரைகள்தான் ஒரேயடியாகப் போனவை.

1971 பிப்ரவரி 9, கலிபோர்னியாவில் சான் பெர்னாண்டோ நிலநடுக்கம். கீழ் சான் பெர்னாண்டோ அணை, நீரோடு கலந்த மண்ணைக் குழாயில் கொண்டுவந்து கொட்டிப் படியவைத்துக் கட்டிய பழைய கரை. மேல்பக்கச் சரிவு முழுக்க, கரையின் உச்சியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தது. மிச்சம் நின்ற மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் சுமார் ஒன்றரை மீட்டர்தான் இருந்தது. கீழே இருந்த ஏறக்குறைய 80,000 பேரை வெளியேற்றிவிட்டு நீரை இறக்கினார்கள். இதில் முக்கியமான சங்கதி, பின்னால் ஆராய்ந்தபோது தெரிந்தது: அந்தப் பெரிய சரிவு நடந்தது நிலம் ஆடிக்கொண்டிருந்தபோது அல்ல, பலமான அதிர்வு நின்ற பிறகு. அதாவது அதிர்வின் விசை கரையைத் தள்ளவில்லை. அதிர்ந்ததில் உள்ளே மணல் துகள்களுக்கு இடையில் நீரழுத்தம் ஏறி, மணல் தன் பலத்தை இழந்து, கடைசியில் கரை தன் சொந்த எடையைத் தாங்க முடியாமல் போயிற்று. கடற்கரையில் ஈர மணலில் ஒரே இடத்தில் காலால் தட்டிக்கொண்டே இருந்தால் நீர் மேலே வந்து கால் உள்ளே இறங்குமே, அதேதான்.

2001 ஜனவரி 26, பூஜ் நிலநடுக்கம். கட்ச் பகுதியில் சாங், தாப்பர், ருத்ரமாதா என்று பல மண் அணைகள் அடி மண்ணே இளகி, கரை பிளந்து சரிந்தன. பெரிய வெள்ளச் சேதம் வராததற்குக் காரணம் நம் திறமை இல்லை, வறட்சியில் நீர்த்தேக்கங்களில் நீர் மிகக் குறைவாக இருந்ததுதான். அந்த அதிர்ஷ்டம் ஜப்பானில் இல்லை. 2011 மார்ச் 11 அன்று ஃபுஜினுமா என்ற பாசன அணை, 1949இல் முடித்தது, 18 மீட்டர் சொச்சம்தான் உயரம், நீர் நிறைந்திருந்த நேரத்தில் உடைந்தது. கீழே இருந்த கிராமத்தில் 8 பேர் போனார்கள். உயரமான அணைகளுக்குத்தான் இந்த ஆய்வெல்லாம் என்று நினைப்பவர்கள் அந்த 18 மீட்டரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பில்லர்பாக்ஸ், முதலில் இதைச் சொல்லுங்கள். கரைக்கு அடியில் என்ன மண்? பழைய ஆற்று மணல் படுகை எங்காவது இருக்கிறதா? எஸ்பிடி சோதனை (குழாயைச் சுத்தியலால் அடித்து மண்ணின் இறுக்கம் பார்ப்பது) எப்போதாவது செய்தார்களா? மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் பீசோமீட்டர்கள் வேலை செய்கின்றனவா? கரைக்குள் வடிகட்டி மணல் அடுக்கு இருக்கிறதா, இல்லை ஒரே மண்ணால் மொத்தமாகப் போட்ட கரையா?

பில்லர்பாக்ஸ்:

மிக்க நன்றி சார், மேடம். கேலரிக்குள் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் துளைகள் வெள்ளையாக அடைத்துத்தான் கிடக்கின்றன, சிலவற்றில் படிவு விரல் கனத்துக்குத் தொங்குகிறது, இரும்பு மாதிரி இறுகியிருக்கிறது. பதிவேட்டில் பல வருடமாக ஒரே வாசகம்: கசிவு குறிப்பிடத்தக்கதாக இல்லை.

இடது கரைக்கு எஸ்பிடி விவரம் ஒன்றும் கிடைக்கவில்லை. வரைபடத்தில் கரைக்குக் குறுக்கே பழைய ஓடை ஒன்று போனதாகக் காட்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு நேர் கீழே கரை அடியில் கோடையிலும் காயாத ஈரத் திட்டு ஒன்று உண்டு, கோரை முளைத்து நிற்கிறது. ஒரே மண் கரைதான் போலிருக்கிறது, அடியில் மட்டும் கல் வடிகால். பீசோமீட்டர் மூன்றில் ஒன்று மட்டும் ஏதோ காட்டுகிறது, அதையும் நம்பலாமா தெரியவில்லை. ஒரு சந்தேகம்: கரைக்கு நடுவிலிருந்து துளை போட்டு மண் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன், அதில் ஆபத்து உண்டா?

களிமண்:

அந்தக் கோரைத் திட்டுதான் உங்கள் முதல் துளை. ஓடை இருந்த இடத்தில் மேல் மண்ணை மட்டும் சுரண்டிவிட்டு மணலை அப்படியே விட்டுக் கரை போட்டிருந்தால், அதிர்வில் இளகப்போவது அந்த ஐம்பது அறுபது மீட்டர் நீளம்தான். ஒரு கிலோமீட்டரில் அது சின்னத் துண்டு, ஆனால் கரை உடைவதற்கு ஒரு துண்டு போதும்.

ஆபத்து உண்டா என்றால், உண்டு. நீர் நிறைந்து நிற்கும்போது கரையின் நடுவில் நீர் பாய்ச்சித் துளை போட்டால் அந்த நீரழுத்தமே மண்ணைப் பிளந்துவிடும். கரைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசலை நாமே உண்டாக்கி வைத்துவிட்டு வருவோம். கரை வழியாகப் போகும் வரைக்கும் நீரில்லாமல் உலர்முறையில் துளையிட வேண்டும், உறை குழாய் இறக்கிக்கொண்டே போக வேண்டும், முடிந்ததும் துளையைச் சரியாக அடைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் நேரமாகிறது என்பார், விடாதீர்கள். அடி மண்ணைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கீழ்ப்பக்க அடியிலிருந்தே பாதி விஷயம் தெரிந்துவிடும், உச்சியில் கை வைக்கத் தேவையே இருக்காது.

சோதனையில் தளர்ந்த மணல் என்று வந்தால், நடைமுறையில் இருப்பவை இவை. கீழ்ப்பக்கம் மண்ணும் கல்லும் கொண்டு அகலமான பெர்ம் (கரையை ஒட்டிய மேடை) போட்டு எடை ஏற்றுவது. அது சுலபம், நீரைக் காலி செய்யத் தேவையில்லை, ஆனால் அடியில் இளகும் மணலை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் பெர்ம் போட்டால் பெர்மும் சேர்ந்து நகரும். அதனால் பெர்ம் உட்காரப்போகும் இடத்தில் அந்த மணலைத் தோண்டி எடுத்துவிட்டு இறுக்கி நிரப்புவார்கள், அல்லது கனமான எடையைத் திரும்பத் திரும்ப உயரத்திலிருந்து போட்டு இறுக்குவார்கள், அல்லது இருக்கும் இடத்திலேயே சிமென்ட் பாலைச் செலுத்திப் பெரிய துரப்பணத்தால் கலந்து மண்ணைக் கெட்டித் தூண்களாக்குவார்கள். அமெரிக்காவில் ஜாக்சன் ஏரி அணையில் 1980களின் கடைசியில் கடைசி இரண்டையுமே செய்தார்கள். கலிபோர்னியாவின் பெரிஸ் அணையில் அடித்தளத்தில் ஒரு பகுதி மட்டும் பலவீனம் என்று தெரிந்ததும் 2005இல் நீர்மட்டத்தை இறக்கினார்கள். அந்தப் பகுதியில் சிமென்ட் கலந்த மண் தூண்கள், மேலே பெர்ம் என்று வேலை முடிந்தது 2018இல். நடுவில் போன வருடங்களைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேல்பக்கச் சரிவு சிக்கல், அதற்கு நீரை இறக்கியே ஆக வேண்டும். சான் பெர்னாண்டோவில் போனது மேல்பக்கம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் வடிகட்டி மணல். கரை சரியவில்லை, அரை மீட்டர் மட்டும் இறங்கியது என்று வையுங்கள். உச்சியில் குறுக்கு விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக நீர் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு போய், நிலநடுக்கம் முடிந்து எல்லோரும் மூச்சு விட்ட பிறகு சில மணி நேரத்தில் கரை உடையலாம். இதைத் தடுப்பது கரைக்குள் நிற்கும் மணல் வடிகட்டி. அதுவும் தூசி, களி கலந்த மணலாக இருந்தால் விரிசல் அதற்குள்ளும் திறந்தே நிற்கும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: மணலை ஈரமாக்கி ஒரு வாளியில் இறுக்கி, தொட்டியில் கவிழ்த்து, மெதுவாக நீரை விடுங்கள். நீர் ஏறியதும் பொலபொலவென்று சரிந்தால் அது நல்ல வடிகட்டி மணல், விரிசல் வந்தாலும் தானே சரிந்து மூடிக்கொள்ளும். கோட்டை மாதிரி நின்றால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். களத்திலேயே செய்யலாம், ஆய்வகம் வேண்டாம்.

இன்னொன்று, கல் அணையும் மண் கரையும் சேரும் மூலை. ஒன்று விறைப்பு, இன்னொன்று தளர்வு, இரண்டும் ஒரே மாதிரி ஆடாது. இடைவெளி விடுவதென்றால் முதலில் அங்கேதான் விடும். வலுப்படுத்தும் வரைபடத்தில் அந்த மூலைக்கென்று தனி வடிகட்டி காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் இரண்டு பிரிவு போட்ட இரண்டு வரைபடங்களுக்கு நடுவில் அது விழுந்துவிடும்.

பழைய ஓவர்சியர்:

மேடம் சொன்னதைக் கேட்டு இடது கரைக்கே முதல் பணம் என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் கல் அணைக்கு ஒன்றும் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

மகாராஷ்டிராவின் கொய்னா அணை. 1967 டிசம்பர் 11 விடியற்காலை, 6.3 அளவு. 103 மீட்டர் உயரக் கான்கிரீட் அணை. அதற்கும் வடிவமைப்பில் வைத்த எண் உங்கள் பென்சில் எண்ணேதான், 0.05, அடியிலிருந்து நுனி வரை ஒரே அளவு. நிஜத்தில் பதிவானது அதைப்போலப் பத்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அணை ஆடும்போது உச்சி அதைவிட அதிகமாக ஆடும், அந்தப் பெருக்கம் 0.05இல் எங்கேயும் இல்லை. அடியில் ஒன்றும் ஆகவில்லை. கீழ்ப்பக்கச் சரிவு திடீரென்று செங்குத்தாக மாறும் கழுத்து உயரத்தில், உச்சியிலிருந்து சுமார் 36 மீட்டர் கீழே, இரண்டு முகத்திலும் கிடைமட்ட விரிசல். அணை நின்றது, நீரும் நின்றது. விரிசலுக்கு எபாக்சி ஏற்றினார்கள், கேபிள் போட்டார்கள், பிறகு உயரமான பகுதிகளுக்குக் கீழ்ப்பக்கம் கான்கிரீட் முட்டு கொடுத்தார்கள். ஈரானில் 1990இல் செஃபித் ரூத் அணைக்கும் கிட்டத்தட்ட அதே கதை, விரிசல் உச்சிக்குப் பக்கத்தில், வைத்தியம் எபாக்சியும் ஆங்கரும்.

ஆகவே உங்கள் வரைபடத்தில் கழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள், உச்சியில் பாலம், அறை, கிரேன் என்று பிற்காலத்தில் ஏற்றிய எடை எவ்வளவு என்றும் பாருங்கள். சில அணைகளில் உச்சியில் தேவையில்லாத எடையை இறக்குவதே முதல் வலுப்படுத்தல்.

இப்போது உங்கள் தூக்கம் கெட்ட கேள்வி. ஜாக்கெட் சேர்ந்து வேலை செய்யுமா? நீர் நிறைந்து நிற்கும்போது கீழ்ப்பக்கம் கான்கிரீட் ஊற்றினால், அன்றைய நீர்த் தள்ளுவிசை முழுக்கப் பழைய அணைமேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. புதுக் கான்கிரீட் அதில் பங்கு கேட்காது. அதற்குப் பிறகு வரும் கூடுதல் சுமைக்குத்தான் தோள் கொடுக்கும். அதனால்தான் நீரை முடிந்த மட்டும் இறக்கிவிட்டு ஊற்ற வேண்டும் என்பது, ஏதோ வேலை வசதிக்காக இல்லை. அடுத்தது சூடு. புதுக் கான்கிரீட் இறுகும்போது சூடாகி, ஆறும்போது சுருங்கி, பழைய முகத்திலிருந்து தன்னைப் பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். குறைந்த சிமென்ட், ஃபிளை ஆஷ், குளிர்ந்த கலவை, சின்னச் சின்ன உயரமாக ஊற்றுதல், பழைய முகத்தைச் சுரண்டி ஜல்லி தெரிய வைப்பது, துளை போட்டுக் கம்பி நடுவது, இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டும் ஒன்றாகும். இல்லையென்றால் இரண்டு சுவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கணக்கில் மட்டும் ஒரே சுவர். இன்னொன்றை நிறைய இடத்தில் விட்டுவிடுகிறார்கள்: பழைய முகத்தில் வெளியேறிக்கொண்டிருந்த கசிவுக்குப் புதுக் கான்கிரீட்டில் வழி வைக்காமல் மூடிவிட்டால், அணை உடம்புக்குள்ளேயே நீரழுத்தம் ஏறும். இரண்டுக்கும் நடுவில் வடிகால் கட்டாயம்.

ஆங்கர் நல்ல வித்தை, புதுசும் இல்லை. அல்ஜீரியாவில் ஷுர்ஃபா கல் அணையை 1930களிலேயே அந்த முறையில் பாறையோடு கட்டினார்கள். ஆனால் ஆங்கரின் தலை உட்காரும் இடத்தில் அழுத்தம் பயங்கரம், சுண்ணாம்புக் காரை அதைத் தாங்காது, அதனால் உச்சியில் கம்பி கட்டிய கான்கிரீட் தொப்பி போட்டுப் பரப்பிக் கொடுக்க வேண்டும். துருப்பிடிக்காமல் இரட்டை உறை வேண்டும், போட்ட பிறகும் இழுவிசை இருக்கிறதா என்று அவ்வப்போது தூக்கிப் பார்க்க வழி வைக்க வேண்டும். முழுக்கக் கிரவுட் ஊற்றிப் புதைத்துவிட்டால் உள்ளே உயிர் இருக்கிறதா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

ஆற்றங்கரைவாசி:

நான் பொறியாளர் இல்லை, ஒரு பழைய அணைக்குக் கீழே குடியிருப்பவன். படித்துக்கொண்டே வந்ததில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இவ்வளவு ஒட்டுப்போடும் வேலைக்கு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாமே? முல்லைப்பெரியாறு விஷயத்தில் இந்த வாதத்தை இரண்டு பக்கமும் கேட்டுக் காது புளித்துவிட்டது, ஆனால் பொறியாளர்கள் சண்டையில்லாமல் சொல்லிக் கேட்டதில்லை.

களிமண்:

சண்டைக்குள் போகாமல் சொல்கிறேன். முல்லைப்பெரியாறு 1895இல் முடித்த சுண்ணாம்பு சுர்க்கிக் (செங்கல் தூள்) கட்டுமானம். 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள், பிறகு மேலே கான்கிரீட் தொப்பி, கேபிள் ஆங்கர், கீழ்ப்பக்கம் கான்கிரீட் என்று மூன்றும் நடந்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை அனுமதித்தது. ஓவர்சியர் சார் மேலே எழுதிய அதே பட்டியல்தான், கவனித்தீர்களா? யார் சரி என்பதை விடுங்கள், வரிசையைப் பாருங்கள்: முதலில் நீரை இறக்குவது. நீரின் தள்ளுவிசை உயரத்தின் இருமடிக்கு ஏறுவது, அதனால் 30 மீட்டரில் 3 மீட்டர் இறக்கினாலே தள்ளுவிசையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மண் கரைக்கு உச்சி இறங்கினாலும் வழியாமல் இருக்க இடம் கிடைக்கும். செலவில்லாமல் உடனே செய்யக்கூடியது அது ஒன்றுதான். செலவில்லாமல் என்றால் நமக்கு, நீரை நம்பி இருப்பவர்களுக்கு அது பெரிய செலவு, அதையும் சொல்ல வேண்டும்.

புதிதாகக் கட்டுவதும் நடக்கிறது. சான் பெர்னாண்டோவுக்குப் பதிலாக 1970களில் கட்டிய லாஸ் ஏஞ்சல்ஸ் அணை 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் சின்ன விரிசல்களோடு நின்றது. கலவெராஸ் என்று இன்னொன்று, 1925ஆம் வருட அணை, 2001இல் கொள்ளளவில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் நிரப்பலாம் என்று கட்டுப்படுத்தி, பக்கத்திலேயே புது அணையை 2018 வாக்கில் முடித்தார்கள். பழைய அணைதான் அந்தப் பதினேழு வருடமும் நீரைத் தாங்கியது. புது அணை என்று முடிவெடுத்தாலும், பழையதை அதுவரை பத்திரமாக வைத்திருக்கும் வேலை போகாது. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு எச்சரிக்கை எப்படி வரும், எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று அணை நிர்வாகத்திடம் கேளுங்கள், அந்தத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேட் மெக்கானிக்:

எல்லோரும் கல்லும் மண்ணும் பேசுகிறீர்கள், இரும்பு ஒரு வரிகூட வரவில்லை. நிலநடுக்கம் முடிந்த பத்தாவது நிமிடத்தில் உங்களுக்கு வேண்டியது நீரை இறக்குவது என்று மேடமே சொல்லிவிட்டார். எதை வைத்து இறக்குவீர்கள்? கேட்டையும் அடி மதகையும் வைத்து. அதிர்வில் கேட்டுகளுக்கு இடையே நிற்கும் தூண்கள் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்தால் ரேடியல் கேட் நடுவில் இறுகிக்கொள்ளும், ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. கேட்டின் கைகள் வந்து உட்காரும் டிரன்னியன் பின்னுக்கு அன்றைக்கு வரும் சுமை வடிவமைப்பில் வைத்ததைவிட அதிகம், அதுவும் அந்தப் பின் பல வருடமாக கிரீஸ் பார்க்காமல் காய்ந்திருந்தால் உராய்வால் கைகளே வளைந்துவிடும். தூண்களின் குறுக்குத் திசை வலிமையை யாரும் சோதிப்பதில்லை, நீர் ஓடும் திசையில் மட்டும் கணக்குப் போட்டிருப்பார்கள்.

அடி மதகின் நீர் எடுக்கும் கோபுரம் ஒல்லியாகத் தனியாக நீருக்குள் நிற்கிறதா? அது முறிந்தால் அடியில் திறக்க வழியே இல்லை. மண் கரைக்குள் போகும் மதகுக் குழாய் எந்தக் காலத்து வார்ப்பிரும்பு, மூட்டுகள் எப்படி இருக்கின்றன, உள்ளே கேமரா விட்டுப் பாருங்கள். குழாய் மூட்டு விலகினால் கரை உள்ளிருந்தே கரையும்.

மின்சாரம் நிச்சயம் போகும். டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது என்பீர்கள். அதைத் தரையோடு போல்ட் போட்டிருக்கிறார்களா? பக்கத்தில் பேட்டரி ஸ்டாண்டு சும்மா நிற்கிறதா? பேட்டரி கவிழ்ந்தால் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாது, இது போல்ட்டு நட்டு விஷயம், ஒரு நாளில் முடியும், ஆனால் எந்த வலுப்படுத்தும் திட்டத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். கையால் சுற்றித் திறக்கும் வசதி இருந்தால் நாலு பேரை வைத்து நிஜமாகவே ஒரு கேட்டைத் திறந்து பாருங்கள், எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று.

பில்லர்பாக்ஸ்:

ஜெனரேட்டரை இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜெனரேட்டருக்கு போல்ட் இருக்கிறது, பேட்டரி ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. கைச்சுற்றுக் கம்பி யாரிடம் இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை, விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேலே அனுப்பப் போகும் குறிப்பில் கான்கிரீட் மதிப்பீட்டை நிறுத்தி வைத்துவிட்டு, வடிகால் துளைகள், ஓடை இருந்த இடத்தில் மண் சோதனை, பீசோமீட்டர் புதிதாக, கேட்டும் மதகும் ஆய்வு, அதுவரை நீர்மட்டத்துக்கு ஒரு வரம்பு என்று எழுதப் போகிறேன். நீர்மட்ட வரம்புக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன்.

பழைய ஓவர்சியர்:

வரும். எவ்வளவு இறக்க வேண்டும் என்று உங்கள் யூகத்தில் ஒரு எண்ணைப் போட்டு அனுப்பாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு முழுக் குறிப்பையும் தள்ளிவிடுவார்கள். உச்சி எவ்வளவு இறங்கக்கூடும் என்று நியூமார்க் முறையில் மேடம் மாதிரி யாரையாவது வைத்து ஒரு கணக்கு வாங்குங்கள். ஆனால் அந்தக் கணக்கு மண் பலம் இழக்காத வரைக்கும்தான் செல்லும், ஓடை மணல் இளகும் என்று வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு முறைக்குப் போக வேண்டும், ஆகவே சோதனை முடிவு வந்த பிறகு எண்ணைப் போடுங்கள். அதுவரை தற்காலிகமாக என்று ஒரு வார்த்தை சேர்த்து, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது என்றும் எழுதுங்கள். தேதி இல்லாத தற்காலிகத்துக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அந்த ஸ்டூலை நாளைக்கே மாற்றுங்கள்.